கவூர் சாப்பிட்ட மேசை

துரின் நகரத்துக் காரிஞ்ஞானோ சதுக்கம் அப்படியொன்றும் பெரிய இடமில்லை. ஒரு பக்கம், செங்கல்லிலேயே அலை எழுப்பியதுபோல் வளைந்து நெளிந்து நிற்கும் காரிஞ்ஞானோ மாளிகை. எதிர்ப்பக்கம் பழைய நாடக அரங்கு ஒன்று, அதை ஒட்டியே ஓர் உணவகம். மாளிகையில் 1848 முதல் நாடாளுமன்றம் கூடியது. உணவகம் அதற்கு ஏறக்குறைய நூறாண்டு மூத்தது, 1757இல் தொடங்கியது. பெயர் தெல் காம்பியோ. நடுவிலுள்ள கற்தளத்தைத் தடி ஊன்றி நடப்பவர்கூட ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடலாம். அந்தக் கற்தளத்தை மதியச் சாப்பாட்டுக்காகத் திரும்பத் திரும்பக் கடந்த ஒருவர்தான், சிதறிக் கிடந்த சிற்றரசுகளை இத்தாலி என்ற ஒரே நாடாக்கியவர்களில் முதன்மையானவர்.

அவர் பெயர் கமில்லோ கவூர். தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இத்தாலிய விடுதலை என்றால் மாஜினியும் கரிபால்டியும்தான். மாஜினி நிறுவிய இளைய இத்தாலிச் சங்கத்தின் உறுதிமொழியைப் பாரதி தமிழில் பாட்டாக்கித் தந்தார். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் கரிபால்டியின் செஞ்சட்டைப் படை வரும். மூன்றாமவரான கவூர் மட்டும் தேர்வுக்கு எழுதிவிட்டு மறக்கும் பெயராகவே நின்றுவிட்டார். அவர் சிறையில் வாடவில்லை, வாளேந்திப் போர்க்களத்தில் நிற்கவுமில்லை. கணக்குப் பார்த்தார், கடிதம் எழுதினார், பேரம் பேசினார், நன்றாகச் சாப்பிட்டார். பாட்டில் ஏற இது போதாது. ஆனால் நாடு கட்டும் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் நடந்தது. அதனாலேயே அவர் சாப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

மிலானிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் துரின். யேசுவின் உடலைப் போர்த்தியதாக நம்பப்படும் துணியால் நம்மூரில் இந்நகரைப் பலர் அறிவார்கள். சோனியா காந்தி வளர்ந்த ஒர்பாஸ்ஸானோ இதன் புறநகர்ப் பக்கம்தான். ஃபியட் கார் பிறந்ததும் இங்கேதான், 1899இல். நான் போனது நவம்பரில். துரினுக்கு அது நல்ல மாதம். தெருவோரமெங்கும் வளைவுத் தாழ்வாரங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் 18 கிலோமீட்டர் வரும் என்பார்கள். மழை பெய்தாலும் குடையில்லாமல் பாதி நகரைச் சுற்றிவிடலாம். மழை விட்டதும் நேர்கோட்டில் ஓடும் தெருவின் கோடியில் ஆல்ப்ஸ் மலையின் பனி தெரிகிறது. அங்குள்ள பொறியியல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பரின் மகள் எனக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வந்தாள்.

"மாமா, சாப்பாட்டுக்கு முன்னாடி எதிர்ல இருக்கிற மியூசியத்தைப் பார்த்துடலாம். இல்லேன்னா அங்க உட்கார்ந்து எதைப் பார்க்கிறோம்னே தெரியாது" என்றாள். சரியான யோசனை. இப்போது காரிஞ்ஞானோ மாளிகையில் இருப்பது இத்தாலிய ஒன்றிணைப்பு வரலாற்றின் தேசிய அருங்காட்சியகம். குவாரினி என்ற கட்டடக்கலைஞர் 17ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த மாளிகை இது. ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் 1820இல் பிறந்ததும் இதற்குள்தான்.

துரினைத் தலைநகராகக் கொண்டிருந்த பியட்மாண்ட் அரசின் பழைய சட்டசபைக் கூடத்தை 1860இல் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். அரைவட்டமாக அடுக்கடுக்காய் ஏறும் இருக்கைகள். கவூரும் கரிபால்டியும் அமர்ந்த இடங்களில் மூவண்ண ரிப்பன் பூ குத்தியிருக்கிறது. கூடம் நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. கடைசி வரிசையில் இருப்பவர் பெருமூச்சு விட்டால் முதல் வரிசைக்குக் கேட்கும். நாடு பெரிதானதும் இந்தக் கூடம் போதாமல் போயிற்று. 1861இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 443 பேர். அவர்களுக்காக மாளிகை முற்றத்தில் தற்காலிகமாக ஒரு கூடம் எழுப்பினார்கள். இத்தாலி அரசு பிறந்துவிட்டது என்ற அறிவிப்பு 1861 மார்ச் 17 அன்று வந்தது. பிறகு நிலையான பெரிய மன்றம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். அது முடிவதற்குள் தலைநகரமே துரினை விட்டுப் போய்விட்டது. எந்த உறுப்பினரும் எழுந்து பேசாத அந்தப் பிரமாண்டக் கூடமும் அருங்காட்சியகத்தின் பகுதியாக இன்று இருக்கிறது.

அங்கே என்னை நிறுத்தி வைத்த செய்தி வேறு. அந்த 443 பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது? எழுதப் படிக்கத் தெரிந்த, 25 வயது நிறைந்த, குறிப்பிட்ட அளவு வரி கட்டும் ஆண்களுக்கு மட்டும். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை. மற்றவர்கள் உழுதார்கள், நட்டார்கள், சுமந்தார்கள், போரில் செத்தார்கள். காந்தி 1909இல் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' நூலில் இத்தாலியைப் பற்றித் தனி அத்தியாயமே வைத்தார். கவூருக்கும் அரசருக்கும் இத்தாலி என்றால் அரசரும் அவருடைய ஆட்களும். மாஜினிக்கு இத்தாலி என்றால் அதன் உழவர்கள். இந்த வேறுபாட்டைக் காட்டி, அந்நியன் போனால் மட்டும் போதுமா என்று காந்தி தம் நாட்டாரைக் கேட்டார். அந்தக் கேள்வி மனத்தில் இருக்கும்போது கவூரின் உணவகத்துக்குள் நுழைவது நல்லது. பெரிய மனிதர்கள் வந்துபோகும் உணவகம் என்றால் அங்கே யார் யார் உட்கார்ந்தார்கள் என்றுதான் எல்லாரும் விசாரிப்பார்கள். தட்டில் இருப்பதை விளைவித்தவர்கள் யார், மலையேறிச் சுமந்து வந்தவர்கள் யார் என்று விசாரிக்க நான் விரும்பினேன்.

தெல் காம்பியோவின் பழைய கூடத்துக்குள் போனால் 19ஆம் நூற்றாண்டு கலையாமல் இருக்கிறது. சிவப்பு வெல்வெட் இருக்கைகள், பொன்முலாம் சட்டமிட்ட உயரமான கண்ணாடிகள், சரவிளக்குகள், கஞ்சி மொடமொடப்பு மாறாத வெள்ளை விரிப்புகள். கவூர் வழக்கமாக உட்கார்ந்த இடத்தை அடையாளம் செய்து வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் நேரெதிரே மாளிகை. அவசர வேலை வந்தால் எதிர்ப்பக்கத்து ஜன்னலிலிருந்து சைகை காட்டுவார்களாம். இவர் கைத்துண்டை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாராம். இது காலங்காலமாக அங்கே சொல்லப்படும் கதை. ஆனால் அந்த இடத்தில் நின்று ஜன்னலைப் பார்த்தால் இப்படி நடந்திருக்காது என்று சொல்லத் தோன்றவில்லை.

உருண்டை முகம், சின்னக் கண்ணாடி, தாடைக்குக் கீழே மட்டும் தாடி. பிரபுக் குடும்பத்தின் இளைய மகன். வீட்டில் பேசியது பிரெஞ்சு. இத்தாலிய மொழியைவிடப் பிரெஞ்சில்தான் அவருக்குச் சரளம் அதிகம். 1850இல் விவசாய அமைச்சர், அடுத்து நிதி அமைச்சர், 1852இல் பியட்மாண்டின் பிரதமர். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனை 1858இல் பிளோம்பியேர் என்ற ஊரில் ரகசியமாகச் சந்தித்து, ஆஸ்திரியாவுக்கு எதிராகப் பிரான்சைத் துணைக்கு அழைத்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஆஸ்திரியா மூன்று நாள் கெடு விதித்து இறுதி எச்சரிக்கை அனுப்பியது. கவூர் எதிர்பார்த்துக் காத்திருந்தது அதைத்தான். சண்டையைத் தொடங்கிய பழி இப்போது எதிரியின் தலையில். ஏப்ரல் 26 மாலை மறுப்புக் கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, வரலாறு படைத்தாயிற்று, இனி சாப்பிடப் போகலாம் என்று அவர் நண்பர்களிடம் சொன்னதாகக் கேட்டிருக்கிறோம். உணவின் பெயரிலேயே அவருக்கு அரசியல் பேச்சும் வரும். 1860 கோடையில், கரிபால்டியின் ஆயிரம் பேர் சிசிலியைப் பிடித்திருந்த நேரம், தம் தூதர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் சிசிலியை ஆரஞ்சுப் பழம் என்றும் நேப்பிள்ஸை மக்கரோனி என்றும் குறித்தார். பழம் மேசைக்கு வந்துவிட்டது, அதைச் சாப்பிடலாம். மக்கரோனி இன்னும் வேகவில்லை என்பது செய்தி. ஒரு மக்கள் கூட்டத்தின் தலைவிதியைப் பற்றி இவ்வளவு பசியோடு எழுதிய மனிதரை நான் முழுமனத்தோடு விரும்ப முடியாது. ஆனால் அந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்திருக்கக்கூடியவர் அன்று வேறு யாருமில்லை என்பதும் உண்மை.

முதலில் கிரிஸ்ஸினி வந்தது. முழ நீளத்துக்கும் மேலே, விரலைவிட மெல்லியதாக, கையாலேயே இழுத்துச் சுட்ட ரொட்டிக் குச்சிகள். 17ஆம் நூற்றாண்டில் சாதாரண ரொட்டி செரிக்காமல் அவதிப்பட்ட இளவரசர் ஒருவருக்காக மருத்துவர் சொல்லி ரொட்டிக்காரர் செய்தது என்று துரின்காரர்கள் கதை சொல்வார்கள். மொறுமொறுவென்று உடைகிறது, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து வித்தெல்லோ தொன்னாத்தோ. இளங்கன்றின் இறைச்சியை வேகவைத்து, ஆறவிட்டு, தாளைப்போல் மெல்லியதாகச் சீவி, அதன்மேல் சூரை மீனும் நெத்திலியும் கேப்பர் மொட்டும் அரைத்த குளிர்ந்த சாற்றை ஊற்றியிருந்தார்கள். இறைச்சிமேல் மீன் சாறு என்று கேட்டால் நம் நாக்கு தயங்கும். சாப்பிட்டால் தயக்கம் போய்விடுகிறது. உப்பும் புளிப்பும் இறைச்சியின் சாதுவான சுவையைத் தூக்கி நிறுத்துகின்றன. என் கவனம் அந்த நெத்திலியில் இருந்தது. பியட்மாண்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் அதன் பழைய சமையலில் உப்பிட்ட நெத்திலி இல்லாத வீடே கிடையாது. பூண்டையும் நெத்திலியையும் எண்ணெயில் கரைய வைத்து, பச்சைக் காய்களைத் தோய்த்துச் சாப்பிடும் பாஞ்ஞா கௌடாதான் அந்த மண்ணின் குளிர்கால உணவு. லிகூரியக் கடற்கரையிலிருந்து மலைக்கணவாய்கள் வழியாக உப்பு வந்த பாதையில் நெத்திலியும் வந்தது. அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள் மாய்ரா பள்ளத்தாக்கின் மலைவாசிகள். பனிக்காலத்தில் மலையில் வேலை இருக்காது, குடும்பத்துக்குச் சோறு வேண்டும். ஆண்கள் வண்டியோடு சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள், வசந்தத்தில் திரும்புவார்கள். செல்லே மாக்ரா என்ற சின்ன மலையூரில் அந்த நெத்திலி வியாபாரிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிரதமரின் தட்டுக்கு வந்த உப்பு அவர்கள் தள்ளிய வண்டியில் வந்தது.

பிறகு அஞ்ஞொலோத்தி. சுண்டுவிரல் நகம் அளவுள்ள மாவுப் பொட்டலங்கள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ளி மூடியிருப்பார்கள். உள்ளே வைப்பது முந்தைய நாள் வறுவலில் மீந்த இறைச்சியும் கீரையும். மீந்ததை வீணாக்கக் கூடாது என்ற வீட்டுப் பெண்களின் சிக்கனத்தில் பிறந்த பண்டம், வெள்ளிக் கரண்டியோடு மேசைக்கு வந்திருக்கிறது. வறுத்த இறைச்சியின் சாறு மட்டும்தான் மேலே. அன்று நான் சாப்பிட்டதில் மிகச் சிறந்தது இதுதான். இன்னொரு தட்டு கேட்கத் தோன்றியது.

கவூருக்குப் பிடித்ததாகச் சொல்லப்படும் ஃபினான்ஸியேராவுக்காகத்தான் நான் முக்கியமாக வந்திருந்தேன். பரிமாறியவர் அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, நண்பரின் மகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்: சேவல் கொண்டை, சேவலின் தாடி, கோழி ஈரல், கன்றின் கழுத்துச் சுரப்பி, கன்றுக்கறித் துண்டுகள், வினிகரில் ஊறிய காளான், கொஞ்சம் மர்சாலா மது. "மாமா, நான் மூணு வருஷமா இங்க இருக்கேன். இதை மட்டும் தொட்டதே இல்ல" என்றாள். பிறகு என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாயும் எடுத்தாள்.

வங்கிக்காரர்களும் பணக்காரர்களும் விரும்பி உண்டதால் அவர்கள் பேரே நிலைத்துவிட்ட உணவு இது. ஆனால் பிறந்த இடம் பண்ணையின் பின்கட்டு. பண்டிகைக்காகச் சேவலைக் காயடித்துக் கொழுக்க வைக்கும்போது கொண்டையையும் தாடியையும் அறுத்துவிடுவார்கள். பெரிய வீட்டு மேசைக்குச் சேவல் போகும், வெட்டிப்போட்டது வேலைக்காரர்களுக்கு. அந்தக் கழிவை உப்பு, வினிகர், பொறுமை மூன்றையும் சேர்த்து யாரோ ஒரு சமையல்காரி உணவாக்கியிருக்க வேண்டும். கொண்டை குருத்தெலும்பைப்போல் மெல்லக் கடிபடுகிறது, சுரப்பி வெண்ணெயாய்க் கரைகிறது, வினிகர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுகிறது. புளிப்பில்லாவிட்டால் இது திகட்டியிருக்கும். அரண்மனைச் சமையலில் கற்றுக்கொண்ட புளிப்பு இல்லை இது. மீந்ததைக் கெடாமல் காக்கத் தெரிந்தவர்களின் புளிப்பு. ஒரு நாட்டின் தலைவர்கள் மிக உயர்ந்த உணவகத்தில் உட்கார்ந்து ஏழையின் தட்டிலிருந்து வந்ததை ருசித்துக்கொண்டே ஏழைக்கு ஓட்டு வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வட இத்தாலிய உழவர் குடும்பங்கள் பல மக்காச்சோளக் களியை மட்டுமே தின்று, சத்துக் குறைவால் வரும் பெல்லாக்ரா நோயில் தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தன. இறைச்சியின் கழிவுகூட அவர்களுக்கு எட்டவில்லை.

அரிசியில் செய்யும் ரிசோட்டோவும் கேட்டிருந்தோம். அதற்கும் கவூருக்கும் உள்ள உறவு நெருக்கமானது. துரினுக்கும் மிலானுக்கும் நடுவில் வெர்செல்லி வட்டாரம். ஐரோப்பாவின் பெரிய நெல் பூமி. அங்கே லேரி என்ற ஊரில் கவூர் குடும்பத்துக்குப் பண்ணை இருந்தது. இளமையில் அரசியலுக்கு வருமுன் அவர் அதைத்தான் நடத்தினார். விடியுமுன் எழுந்து வரப்பில் நடப்பார், புதிய உரங்களைப் போட்டுப் பார்ப்பார், பாசனத்தைச் சீர்செய்வார். போ ஆற்றிலிருந்து இந்த வயல்களுக்கு நீர் கொண்டுவர அவர் விரும்பிய பெருங்கால்வாய் அவர் இறந்த பிறகு 1863இல் தொடங்கி 1866இல் முடிந்தது. 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இன்றும் பாய்கிறது, பெயர் கவூர் கால்வாய்.

அந்த வயல்களில் முழங்கால் நீரில் குனிந்து நின்று களையெடுத்தவர்கள் பெண்கள். மோந்தினே என்று அவர்களைச் சொல்வார்கள். மே மாதம் முதல் நாற்பது நாள்போல வேலை. வெளியூர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள், கொட்டகைகளில் வைக்கோல்மேல் படுப்பார்கள், அட்டையும் கொசுவும் கடிக்கும், பாடிக்கொண்டே வேலை செய்வார்கள். நம் தஞ்சை வட்டாரத்து நடவுப் பெண்களை அறிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெர்செல்லிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து 1906இல் எட்டு மணி நேர வேலையை வென்றார்கள். பின்னாளில், 1949இல் வந்த 'கசந்த அரிசி' என்ற இத்தாலியப் படம் இவர்களைத்தான் காட்டியது. அந்த நீர்நிலங்களின் கொசு பண்ணையாளரையும் விடவில்லை. கவூர் 1861 ஜூன் 6 அன்று, நாடு பிறந்த மூன்றாம் மாதத்தில், காய்ச்சலில் இறந்தார். வயது 50. மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் இரத்தம் வடித்ததில் உடல் இன்னும் தளர்ந்தது. நெல்வயல்களில் ஒட்டிக்கொண்ட மலேரியாவாக இருக்கலாம் என்பது பெரும்பாலோர் கருத்து. லேரி இன்று ஆளில்லாத ஊர்.

கவூர் சாவதற்குச் சில வாரம் முன்னால், ஏப்ரல் 18 அன்று, எதிரிலிருந்த முற்றத்துக் கூடத்தில் கரிபால்டி செஞ்சட்டையும் போர்வையுமாக வந்து நின்று கவூரை நேருக்கு நேர் குற்றஞ்சாட்டினார். தாம் பிறந்த நீஸ் நகரைப் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டதும், தம் தொண்டர் படையை அரசு கைகழுவியதும் அவருடைய தீராத மனக்குறை. அன்று மன்றத்தில் பெரும் கூச்சல். சபையை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டு மேசையில் இணக்கமாக முடியும் பேச்சு உண்டு. முடியாத பேச்சும் உண்டு. முடியாததற்கு ஒரு சபை வேண்டும், பதிவு வேண்டும், பொதுமக்கள் கேட்க வேண்டும். உணவகத்துக்கு நேரெதிரே மன்றம் இருந்தது துரினின் நல்லூழ் என்றே சொல்வேன். இன்று உலகத் தலைநகரங்கள் பலவற்றில் பெரிய மனிதர்கள் கூடும் இத்தாலிய உணவகம் ஒன்று இருக்கிறது. தூதர்களும் அமைச்சர்களும் முதலாளிகளும் பின்னறையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் பின்வாசலில் காரேறிப் போகிறார்கள். அங்கே பேசப்படுவது எந்தச் சபைக்கும் வருவதில்லை.

தலைநகரம் ஃப்ளாரன்ஸுக்கு மாறப்போகிறது என்ற செய்தி 1864 செப்டம்பரில் வெளியானதும் துரின் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 21, 22 தேதிகளில் கூட்டத்தின்மேல் துப்பாக்கிச்சூடு. ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். அது நடந்த இடங்களில் ஒன்றான சான் கார்லோ சதுக்கம் இந்த உணவகத்திலிருந்து ஐந்து நிமிட நடை. சாப்பிட்டு முடித்து அங்கேதான் போனோம். 1865இல் அமைச்சர்களும் உறுப்பினர்களும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உணவகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கிளம்புமுன் பரிமாறியவர் இன்னோர் அறையைக் காட்டினார். சுவரெங்கும் மிகெலாஞ்செலோ பிஸ்தொலெத்தோ என்ற கலைஞரின் கண்ணாடிப் படைப்புகள். பளபளக்கும் பரப்பில் சாதாரண மனிதர்களின் உருவங்களைப் பதித்திருக்கிறார். முன்னால் நிற்பவரின் உருவமும் அவர்களோடு சேர்ந்து அதில் தெரியும். 2014இல் உணவகத்தைப் புதுப்பித்தபோது வந்தவை இவை. பழைய கூடத்தின் பொன்சட்டக் கண்ணாடிகள் வந்தவர்களை மட்டும்தான் காட்டின. இந்த அறையில் அழைக்கப்படாதவர்களும் சுவரில் நிற்கிறார்கள். அந்த உணவகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இனி விலை பற்றி. மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற இடம். இரவில் வரிசையாகப் பல உணவு வரும் விருந்துக்கு ஒருவருக்கே நூறு யூரோவுக்கு மேல் ஆகும், மது தனி. நாங்கள் மதியத்தில் போய் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டோம். அப்படியும் சென்னையில் ஒரு குடும்பத்தின் ஒரு மாத மளிகைக் கணக்கைத் தொட்டது. அந்த விலைக்குத் தகுதியான சமையலா என்றால், அஞ்ஞொலோத்திக்கும் ஃபினான்ஸியேராவுக்கும் தகும் என்பேன். ரிசோட்டோ நன்றாகவே இருந்தது. ஆனால் அதே தரத்தில் வெர்செல்லியின் எளிய கடைகளில் கிடைக்கும். பரிமாறிய விதத்தில் ஒரு குறையுமில்லை. பக்கத்து மேசையின் கோட்டுக்காரர்களுக்குக் காட்டிய அதே மரியாதையை எங்களுக்கும் காட்டினார்கள். நண்பரின் மகள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னார்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், திங்கட்கிழமை மூடியிருக்கும். உணவகத்தில் முன்பதிவு செய்யுங்கள், மதியம் போங்கள். பியட்மாண்டுச் சமையலில் கன்று இறைச்சி எங்கும் இருக்கும். மாட்டிறைச்சி வேண்டாதவர்களும் சைவர்களும் முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது. அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம். உணவகத்தை ஒட்டி 19ஆம் நூற்றாண்டு மருந்துக்கடை ஒன்றைப் பலகாரக்கடையாக மாற்றியிருக்கிறார்கள். மருந்து வைத்த மரப்பெட்டிகள் அப்படியே இருக்கின்றன, காப்பியும் பணியாரமும் சாதாரண விலைக்குக் கிடைக்கும். கொன்சொலாத்தா மாதா கோவிலுக்கு எதிரே 1763 முதல் நடக்கும் சின்னக் காப்பிக்கடையில் பிச்செரின் குடியுங்கள்: கீழே சாக்லேட், நடுவில் காப்பி, மேலே பாலேடு. அரச குடும்பம் கோவிலுக்குள் இருக்கும்போது கவூர் உள்ளே போகாமல் இங்கே உட்கார்ந்திருப்பார் என்பார்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால், மே மாதமாகவும் இருந்தால், வெர்செல்லிக்குப் போய் நீர் நிறைந்த நெல்வயல்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். துரினிலிருந்து சாதாரண ரயிலிலேயே ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம்.